ஜிரூவுக்கு நாம பாக்கி வச்சிருக்கோமா?

போன இதழ்ல யாரோ கேட்ட ஒரு கேள்விக்கு பதில் சொல்றப்போ, நடுவுல ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன், பிரான்ஸ் ஸ்ட்ரைக்கர் ஒலிவியே ஜிரூவுக்கு ரசிகர்கள் இன்னும் நெறைய மரியாதை குடுத்திருக்கணும்னு. அவ்ளோதான். அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு எதிர்பாக்கல. பாதி பேரு கோவமா, பாதி பேரு "அப்பாடா, யாராவது சொன்னீங்களே"ன்னு. அதனால இந்த தடவ முழுக்க இது மட்டும்தான். மத்த கேள்வி அனுப்பினவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கேள்வி: சார், ஸ்ட்ரைக்கர்னு ஒருத்தர எறக்குறதே கோல் போடத்தான். 2018 உலகக் கோப்பைல இந்த மனுஷன் ஏழு மேட்ச்சும் ஆடினாரு, ஒரு கோல் இல்ல. ஒரு ஷாட் கூட போஸ்ட்டுக்குள்ள போகல. மத்த பத்து பேரு ஜெயிச்சு குடுத்த கப்ப இவரும் சேந்து தூக்கினாரு, அவ்ளோதானே? இதுல மரியாத எங்க வருது?

பதில்: நீங்க சொன்ன கணக்குல ஒரு தப்பும் இல்ல. 546 நிமிஷம் ஆடினாரு, கோலுக்கு நேரா ஒரு ஷாட் கூட இல்ல. இத நான் மறைக்கப் போறதில்ல, ஜிரூவ புடிக்கும்னு சொல்றவங்க மொதல்ல இத ஒத்துக்கணும்.

ஆனா ஒண்ண மட்டும் திரும்ப யோசிச்சுப் பாருங்க. அந்த உலகக் கோப்பைல பிரான்ஸோட மொத மேட்ச் ஆஸ்திரேலியாவோட. அன்னைக்கு ஜிரூ பெஞ்ச்ல. முன்னாடி எம்பாப்பே, கிரீஸ்மான், தெம்பெலே மூணு பேரும். பேர பாத்தா எவ்ளோ பயமா இருக்கு, மூணு பேரும் காத்து மாதிரி ஓடுறவங்க. ஆனா மேட்ச் பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், பிரான்ஸ் திணறுச்சு. மூணு பேரும் காலுக்கு பந்து வேணும்னு பின்னாடி பின்னாடி வந்துட்டாங்க, ஆஸ்திரேலியா டிஃபெண்டர்ஸ் ரெண்டு பேருக்கும் பக்கத்துல நின்னு தொந்தரவு குடுக்க ஆளே இல்ல, அவங்க நிம்மதியா நின்னாங்க. 70வது நிமிஷம் கிரீஸ்மான எடுத்துட்டு ஜிரூவ விட்டாங்க. 81வது நிமிஷம் போக்பா பந்த முன்னாடி குடுத்துட்டு ஓட, ஜிரூ பாக்ஸ் ஓரத்துல டிஃபெண்டர முதுகுல தாங்கிக்கிட்டு அத திருப்பி வைக்க, போக்பா அடிச்சது ஆஸ்திரேலியா ஆள் மேல பட்டு உள்ள போச்சு. கணக்குல அது ஓன் கோல். ஜிரூ பேரு எங்கயும் இல்ல. 2-1, மூணு பாயின்ட்.

அடுத்த மேட்ச்ல இருந்து கோச் தெஷாம்ப் ஜிரூவ வெளிய உக்கார வைக்கவே இல்ல. பெரு கூட ஆடுன மேட்ச்ல ஜிரூ அடிச்ச பந்து டிஃபெண்டர் கால்ல பட்டு மேல எழும்பி வந்தத எம்பாப்பே தட்டி விட்டாரு, 1-0. அர்ஜென்டினாவோட அந்த 4-3 மேட்ச்ல எம்பாப்பே போட்ட ரெண்டாவது கோல் எல்லாருக்கும் மனப்பாடம், ஆனா அந்த பந்த அவரு ஓடி வர்ற பாதைல சரியா வச்சது யாருன்னு கேட்டா நெறைய பேருக்கு தெரியாது. ஜிரூதான்.

எம்பாப்பேயும் கிரீஸ்மானும் ஆளுக்கு நாலு கோல் போட்டாங்க. அவங்களுக்கு அந்த எடம் எப்படி கெடச்சுதுன்னு யோசிங்க. ஆறடிக்கு மேல ஒரு ஆளு சென்டர்ல நிக்கறப்போ ரெண்டு சென்டர் பேக்கும் அவர விட்டுட்டு நகர முடியாது. அவருக்கு பின்னாடி கிரீஸ்மானுக்கு கொஞ்சம் காலி எடம், பக்கத்துல எம்பாப்பே ஓடுறதுக்கு ஒரு வழி. கோல்கீப்பர் லோரிஸ் நெருக்கடில நீளமா பந்த தூக்கி அடிச்சா அத நெஞ்சுல வாங்கி கீழ வைக்க ஒரு ஆளு. எதிரணி கார்னர் அடிச்சா நம்ம போஸ்ட் பக்கத்துல நின்னு தலையால வெளிய தள்ள ஒரு ஆளு. அந்த டீம் பந்த விட்டுக் குடுத்து பின்னாடி உக்காந்து திருப்பி அடிக்கற டீம், அப்படி ஆடணும்னா வெளிய தள்ளுன பந்து உடனே எதிரிக்கே திரும்பி வரக்கூடாது, முன்னாடி ஒருத்தர் அத புடிச்சு நிறுத்தணும், நம்மாளுங்க மூச்சு வாங்கி மேல வர்ற வரைக்கும். அந்த வேலைய ஏழு மேட்ச் பண்ணினாரு.

1998ல பிரான்ஸ் மொத தடவ கப்பு அடிச்சப்பவும் மெயின் ஸ்ட்ரைக்கர் ஸ்டெஃபான் கிவார்ஷ் ஒரு கோலும் போடல. அப்பவும் கேலி, இப்பவும் கேலி. ரெண்டு தடவையும் கப்பு மட்டும் வந்துச்சு. இன்னொண்ணு, 1998 டீமோட கேப்டன் யாரு? இதே தெஷாம்ப்தான். கோல் போடாத ஸ்ட்ரைக்கரோட கப்பு ஜெயிக்க முடியும்னு அவருக்கு தெரியாம இருக்குமா?

கேள்வி: நான் ஆர்சனல் ரசிகன். ஆறு வருஷம் இவரால நாங்க பட்ட பாடு உங்களுக்கு தெரியாது. வான் பெர்சி போன எடத்துல இவர கொண்டு வந்தாங்க. மொனாக்கோ மேட்ச் ஞாபகம் இருக்கா? 2016ல லீக் எங்க கைல இருந்துச்சு, இவரு கோலே போடல, லெஸ்டர் தூக்கிட்டு போயிட்டாங்க. நீங்க வெளிய நின்னு பாத்துட்டு ஈசியா சொல்றீங்க அண்ணா.

பதில்: தம்பி, வந்ததுலயே ரொம்ப நேர்மையான கேள்வி உங்களோடதுதான், அதனால இதுக்கு நீளமாவே சொல்றேன்.

மொனாக்கோ மேட்ச், பிப்ரவரி 2015, சாம்பியன்ஸ் லீக், சொந்த மைதானத்துல 3-1 தோல்வி. நான் நேரலைல பாத்தேன். ஜிரூ அன்னைக்கு விட்ட சான்ஸ் ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு மணி நேரத்துல கோச் வெங்கரே பொறுக்க முடியாம வெளிய எடுத்துட்டாரு. ரெண்டாவது லெக்ல 2-0 ஜெயிச்சும் அவே கோல், அதாவது எதிரி மைதானத்துல போட்ட கோல் கணக்குல வெளிய போனீங்க, அந்த ரெண்டுல ஒண்ணு ஜிரூ போட்டதுதான், ஆனா அது மொத லெக்க கழுவிடாது. ஒத்துக்கறேன்.

2015-16ம் அப்படித்தான். ஜனவரில இருந்து வரிசையா 15 லீக் மேட்ச் கோல் இல்ல. லீக் ஜெயிக்கணும்னு நெனைக்கற டீமோட மெயின் ஸ்ட்ரைக்கர் இப்படி வத்திப் போனா அது சின்ன விஷயம் இல்ல. கடைசி நாள் ஆஸ்டன் வில்லா மேல ஹாட்ரிக் போட்டாரு, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. லெஸ்டர் 81, ஆர்சனல் 71. அதுக்கு முன்னாடி வருஷமே உங்க பழைய ஸ்ட்ரைக்கர் தியரி ஹென்றி டிவில உக்காந்து இவர வச்சு லீக் ஜெயிக்க முடியுமாங்கற மாதிரி பேசினாரு, அது ஜிரூ மனச எவ்ளோ குத்தியிருக்கும்னு தெரியல, ஆனா ஹென்றி சொன்னது அந்த நேரத்துக்கு பொய்யும் இல்ல.

இன்னொரு விஷயமும் நீங்க எழுதாம விட்டுட்டீங்க, நானே சொல்லிடறேன். ஜனவரி 2017, போர்ன்மத் மேட்ச். 3-0 பின்னாடி இருந்து 3-3 ஆக்கின கோல் ஜிரூவோடது, கூடுதல் நேரத்துல. பந்த எடுத்துக்கிட்டு சென்டருக்கு ஓடி இன்னொரு கோலுக்கு போகாம, ரெண்டு நாள் முன்னாடி முதுகுக்கு பின்னாடி குதிகாலால அடிச்ச ஸ்கார்பியன் கோல அபிநயம் புடிச்சு கொண்டாடிட்டு நின்னாரு. அன்னைக்கு எனக்கும் கோவம் வந்துச்சு. இன்னைக்கும் அத நியாயப்படுத்த மாட்டேன்.

சரி, இப்ப என் பக்கம்.

நீங்க கோவப்படற எடத்துல பாதி கோவம் ஜிரூ மேல வர வேண்டியதே இல்ல. 2012ல வான் பெர்சி லீக்ல 30 கோல் போட்ட கையோட மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு போனாரு, போன மொத வருஷமே அங்க லீக் ஜெயிச்சாரு. அந்த காயம் ஆறாத வீட்டுல ஆட ஆரம்பிச்சவரு ஜிரூ. வேற மாதிரி ஆட்டம் ஆடறவர, போன ஆளோட நாற்காலில உக்கார வச்சுட்டு ஏன் அவர மாதிரி இல்லன்னு ஆறு வருஷம் கேட்டோம். அவரு ஓடி டிஃபென்ஸ கிழிக்கற ஆளு இல்ல, என்னைக்குமே இல்ல. அவரு செவுரு. சுத்தி நாலு பேரு நல்லா இருந்தா அந்த செவுத்துல பந்து பட்டு அழகா திரும்பி வரும். 2013 அக்டோபர்ல நார்விச் மேல ஜாக் வில்ஷர் போட்ட கோல எடுத்து திரும்ப பாருங்க. கசோர்லா, வில்ஷர், ஜிரூ மூணு பேரும் ஒரே தொடுதல்ல பந்த மாத்தி மாத்தி கொண்டு போறாங்க, கடைசியா டிஃபெண்டர்ஸ் நடுவுல ஜிரூ கால நீட்டி ஒரு சின்ன தட்டல், வில்ஷர் கோல். ஆர்சனல் ரசிகர் யாராயிருந்தாலும் அந்த கோல பத்தி பேசறப்போ மொகம் மலரும். அந்த கோல் ஜிரூ இல்லாம நடந்திருக்காது தம்பி.

கப்பு கணக்கும் பாருங்க. ஒம்போது வருஷம் ஒரு கப்பும் இல்லாம இருந்த கிளப்பு, இவரு இருந்தப்போ மூணு எஃப்ஏ கப். 2014 ஃபைனல்ல ஹல் சிட்டி 2-0 முன்னாடி போயி, 2-2 ஆகி, கூடுதல் நேரத்துல ஜிரூ குதிகாலால தட்டி விட்ட பந்துலதான் ராம்சி ஜெயிக்கற கோல் போட்டாரு. 2015 ஃபைனல்ல நாலாவது கோல் இவரோடது. 2017 ஃபைனல்ல செல்சி 76வது நிமிஷம் சமன் பண்ணிட்டாங்க, ஜிரூ 78ல உள்ள வந்தாரு, 79ல எடது பக்கத்துல இருந்து ஒரு கிராஸ், ராம்சி தலை, கப்பு. உள்ள வந்து ஒரு நிமிஷம் ஆகல! 2015 டிசம்பர்ல ஒலிம்பியாகோஸ் ஊர்ல போயி ஜெயிச்சாதான் அடுத்த ரவுண்டுன்னு நெலம, அங்க ஹாட்ரிக் போட்டு 3-0ன்னு முடிச்சதும் இதே ஆளுதான்.

253 மேட்ச்ல 105 கோல். உலகத்துலயே பெரிய ஸ்ட்ரைக்கர்னு நான் சொல்லல, லீக் ஜெயிக்க அந்த டீமுக்கு இன்னும் ஒரு ஆளு வேணும்னா அதுவும் சரி. அந்த ஆள வாங்காதது ஜிரூவோட தப்பு இல்ல. இருக்கற ஒருத்தர திட்டுறது ஈசியா இருந்துச்சு, அதனால திட்டினோம்.

கேள்வி: பென்ஸெமா சொன்னதுதான் சரி, ஃபார்முலா ஒன்னையும் கார்ட்டிங்கையும் ஒப்பிடாதீங்கன்னு. உங்களுக்கு புரியலயா?

பதில்: தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன், 2020 மார்ச்ல இன்ஸ்டாகிராம் லைவ்ல ஜிரூவ பத்தி கேட்டப்போ பென்ஸெமா சொன்ன உவமை அது. அவரு ஃபார்முலா ஒன் காராம், ஜிரூ சின்னப் பசங்க ஓட்டற கார்ட்டாம்.

ஆட்டத்திறமைய வச்சு கேட்டா பென்ஸெமா பெரிய ஆட்டக்காரர், இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல. 2022ல பலோன் தோர் வாங்கினவரு, ரியல் மாட்ரிட்ல அவரு ஆடினத பாத்து வளந்தவங்க நாம. ஆனா நம்ம கேள்வி யாரு பெரிய ஆளுங்கறது இல்லயே. ஒரு டீமுக்கு யாரு பொருந்துனாங்கங்கறது. பென்ஸெமா பிரான்ஸுக்கு 97 மேட்ச்ல 37 கோல், ஜிரூ 137 மேட்ச்ல 57. நடுவுல 2015 கடைசில இருந்து 2021 வரைக்கும் பென்ஸெமா டீம்லயே இல்ல, அதுக்கு காரணம் ஆட்டத்துக்கு வெளிய, சக ஆட்டக்காரர் வால்புவெனாவ மிரட்டுனதா வந்த விவகாரம், அதுல ஜிரூவுக்கு எந்த சம்பந்தமும் கெடையாது. ஆனா தண்டனைய ஜிரூ வாங்கினாரு. 2016 மே மாசம் யூரோ கப்புக்கு கொஞ்ச நாள் முன்னாடி நான்ட் நகரத்துல கேமரூன் கூட ஒரு மேட்ச், சொந்த நாட்டு ரசிகர்களே ஜிரூ பந்த தொட்டா விசில் அடிச்சு கேலி பண்ணினாங்க. அன்னைக்கும் ஒரு கோல் போட்டாரு. அடுத்த மாசம் யூரோ தொடங்கினப்போ ருமேனியா மேல போட்டியோட மொத கோல் யாரு? ஜிரூ. ஐஸ்லாந்து மேல ரெண்டு.

என்ன உறுத்துதுன்னா, இல்லாத ஒருத்தருக்காக இருக்கற ஒருத்தர திட்டுறது. பென்ஸெமாவ எடுக்கலன்னா அது ஃபெடரேஷனும் கோச்சும் எடுத்த முடிவு. கூப்பிட்டப்போ வந்து ஆடினவரு என்ன பண்ணுவாரு பாவம்.

கேள்வி: 57 கோல்னு பெருசா சொல்றாங்க, எல்லாம் சின்ன டீம் மேலதானே?

பதில்: சின்ன டீம் மேலயும் உண்டு, இல்லன்னு சொன்னா பொய். பராகுவே மேல ஹாட்ரிக், உக்ரைன 7-1 அடிச்ச மேட்ச்ல ரெண்டு, அது அவரோட நூறாவது மேட்ச், அன்னைக்குதான் பழைய பிரான்ஸ் நட்சத்திரம் பிளாட்டினியோட 41 கோல தாண்டினாரு. ஆனா ஹென்றிக்கும் பிளாட்டினிக்கும் அதே சின்ன டீமுங்கதான் கெடச்சுது, அவங்ககிட்ட இந்த கேள்விய யாரும் கேட்டதா எனக்கு ஞாபகம் இல்ல.

பெரிய டீம் வேணும்னா ஜெர்மனி மேல போட்டதுதான் அவரு பிரான்ஸுக்கு அடிச்ச மொத கோலே, 2012 பிப்ரவரில. அதே வருஷம் அக்டோபர்ல மாட்ரிட்ல, உலக சாம்பியன் ஸ்பெயின் மேல, 94வது நிமிஷம் ஹெட்டர், 1-1. 2022 உலகக் கோப்பை கால் இறுதில இங்கிலாந்து மேல 78வது நிமிஷம், கிரீஸ்மான் கிராஸ், ஜிரூ தலை, 2-1. அப்போ அவருக்கு வயசு 36. பென்ஸெமா காயம்பட்டு கிளம்பினதாலதான் அந்த எடமே கெடச்சுது, கெடச்சத வச்சு நாலு கோல் போட்டாரு, போலந்து மேல போட்டதுல, பிரான்ஸுக்கு அதிக கோல்னு ஹென்றி வச்சிருந்த 51 கோல் சாதனைய தாண்டினாரு. ஃபைனல்ல 41வது நிமிஷம் வெளிய எடுத்தாங்க, 2-0 பின்னாடி. டீமே தூங்கிட்டு இருந்துச்சு, வேகமான பசங்கள விட்டதும்தான் ஆட்டம் மாறுச்சு, அதனால தெஷாம்ப் பண்ணது சரின்னுதான் நெனைக்கறேன். ஆனா அவரு வெளிய வர்றப்போ அந்த மொகத்த பாத்தேன், இன்னும் மனசுல இருக்கு.

கேள்வி: அழகா இருக்கறதால, தாடி, முடி ஸ்டைலால மட்டும்தான் இவருக்கு ரசிகர் கூட்டம்னு என் ஃப்ரெண்டு சொல்றா. என்ன சொல்ல?

பதில்: மூஞ்சி அழகா இருந்தா கோல் வராதும்மா. அழகா இருக்காருங்கறதாலயே ஆட்டத்த சீரியஸா எடுத்துக்காதவங்களும் உண்டு, ரெண்டும் ஒரே தப்புதான். ஃப்ரெண்டுகிட்ட 2020 டிசம்பர் செவியா மேட்ச்ச போட்டு காட்டுங்க, எடது கால், வலது கால், தலை, பெனால்டின்னு நாலு கோல், செல்சி 4-0. அத பாத்துட்டு பேச சொல்லுங்க.

கேள்வி: ஆர்சனல விட்டு போனதுக்கு அப்புறம்தான் இவரு நெறைய ஜெயிச்சாரு. வயசாக வயசாக ஒரு ஸ்ட்ரைக்கர் எப்படி நல்லா ஆக முடியும்? பொதுவா 30 தாண்டினா முடிஞ்சுதும்பாங்க.

பதில்: நல்ல கேள்வி. வேகத்த நம்பி ஆடறவங்களுக்கு 30 தாண்டினா கஷ்டம், அரை அடி லேட்டானாலே எல்லாம் போயிடும். ஜிரூகிட்ட இழக்கறதுக்கு அந்த வேகமே இல்ல. அவரு வச்சிருந்தது எங்க நிக்கணும், எப்ப நகரணும், டிஃபெண்டர் கண்ணு பந்து மேல போற அந்த நொடில எப்படி அவருக்கு முன்னாடி பூந்துடறதுங்கற அறிவு. அது வயசானா கூடும்.

அவரு வந்த வழியும் அப்படி. பத்தொம்போது வயசுல ஸ்டார் ஆனவரு இல்ல. கிரெனோபிள், அங்கிருந்து இஸ்ட்ர்க்கு லோன், அப்புறம் டூர்ன்னு கீழ் டிவிஷன்லயே சுத்தினாரு, டூர்ல ரெண்டாவது டிவிஷன்ல 21 கோல் போட்டு டாப் ஸ்கோரர் ஆனப்புறம்தான் 2010ல மோன்பெலியே கூப்பிட்டாங்க. பிரான்ஸ் மொத டிவிஷன்ல கால் வைக்கறப்போ வயசு 23. ரெண்டே வருஷத்துல, 2012ல, மோன்பெலியே சரித்திரத்துலயே மொத தடவ லீக் ஜெயிக்குது, பாரிஸ் கிளப்பு பிஎஸ்ஜி அப்பதான் கத்தார் பணத்துல வாங்கி குவிச்சிட்டு இருந்த நேரம், அவங்கள ரெண்டாவது எடத்துக்கு தள்ளிட்டு. ஜிரூ 21 கோல். எல்லாமே லேட்டா வந்துச்சு அவருக்கு, அதனால லேட்டாவே போச்சு.

செல்சில பாதி நேரம் பெஞ்ச். ஆனா 2019 யூரோப்பா லீக்ல 11 கோலோட டாப் ஸ்கோரர், பாக்கு நகரத்துல நடந்த ஃபைனல்ல பழைய கிளப்பு ஆர்சனல் மேலயே மொத கோல், ஒரு பெனால்டி வாங்கி குடுத்தாரு, ஹசார்டுக்கு ஒரு பாஸ், 4-1. 2021 சாம்பியன்ஸ் லீக்ல செல்சிக்கு அதிக கோல் போட்டவரு இவருதான், ஆறு கோல், அட்லெட்டிகோ மேல போட்ட அந்த ஓவர்ஹெட் கிக்க மறக்க முடியுமா. ஆனா ஃபைனல்ல ஒரு நிமிஷம் கூட ஆட விடல. ஒரு வார்த்த பேசினாரா? மெடல வாங்கிட்டு மிலனுக்கு கிளம்பினாரு.

மிலன்ல 9ம் நம்பர் சட்டைக்கு ஒரு சாபம் இருக்குன்னு சொல்லுவாங்க, 2012ல இன்சாகி விட்டுப் போனதுல இருந்து அத போட்ட யாரும் உருப்படலன்னு. 34 வயசுல போயி அதத்தான் கேட்டு வாங்கினாரு. 2022 பிப்ரவரி 5, மிலன் டெர்பி. அதே ஊர் எதிரி இன்டர் 1-0 முன்னாடி. அன்னைக்கு இன்டர் ஜெயிச்சிருந்தா லீக் கதை அங்கயே முடிஞ்சிருக்கும். 75வது நிமிஷம் ஜிரூ, 78வது நிமிஷம் ஜிரூ. 2-1. சீசன் முடிவுல மிலன் 86, இன்டர் 84. கடைசி நாள் சாசுவோலோ கூட தோக்காம இருந்தா பட்டம்னு இருக்கு, 17வது நிமிஷம் ஒண்ணு, 32வது நிமிஷம் ஒண்ணு, ரெண்டும் இவரே. 2011க்கு அப்புறம் மிலனுக்கு மொத பட்டம். அந்த சீசன் லீக்ல அவரு போட்டது மொத்தம் 11 கோல்தான். பதினொண்ணுதானான்னு கேக்கறவங்க இந்த நாலு கோலயும் எப்ப போட்டாருன்னு ஒரு தடவ பாக்கணும்.

எண்ணிக்கைய விட நேரம் முக்கியம்னு நான் சொல்றப்போ, சிலர் ஸ்டாட்ஸ் தெரியாதவன் பேசற பேச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஸ்டாட்ஸ் எனக்கும் புடிக்கும். ஆனா பந்த தொடாமயே ஒரு டிஃபெண்டர கட்டி வைக்கறத கோல், அசிஸ்ட் ரெண்டு கட்டத்துல எதுல போடுவீங்க?

கேள்வி: நான் காலேஜ் டீம்ல ஸ்ட்ரைக்கர். உயரம் இருக்கு, வேகம் இல்ல. எல்லாரும் டிஃபென்ஸுக்கு போடான்னு சொல்றாங்க. ஜிரூகிட்ட இருந்து நான் எத கத்துக்கலாம்?

பதில்: இத கேட்டதுக்கு சந்தோஷம் தம்பி. டிஃபென்ஸுக்கு போகாதீங்க, கொஞ்ச நாள் பொறுங்க.

அவரோட வீடியோவ கோல் தொகுப்பா பாக்காதீங்க, முழு மேட்ச் பாருங்க, பந்த விட்டுட்டு அவர மட்டும் பாருங்க. பந்து வர்றதுக்கு முன்னாடியே டிஃபெண்டர் மேல முதுக சாய்ச்சு அவரு எங்க இருக்காருன்னு உணந்துக்குவாரு. ஒரு கை லேசா பின்னாடி, தள்ள இல்ல, தூரம் தெரிஞ்சுக்க. முட்டி மடக்கி, இடுப்ப தாழ்த்தி நிப்பாரு, உயரமான ஆளு நிமிந்து நின்னா சின்னதா ஒரு தள்ளுல விழுந்துடுவான். அப்புறம் முக்கியமானது, பந்து வர்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவயாவது தோளுக்கு மேல திரும்பிப் பாப்பாரு, யாரு ஓடி வர்றாங்கன்னு. அதனாலதான் ஒரே தொடுதல்ல குடுக்க முடியுது. வேகம் இல்லாதவன் ரெண்டு தொடுதல் எடுத்தா பந்து போச்சு.

கிராஸ் வர்றப்போ மொதல்ல பின் போஸ்ட்டுக்கு போற மாதிரி ஒரு அடி, டிஃபெண்டர் அசஞ்சதும் முன் போஸ்ட்டுக்கு ரெண்டு வேகமான அடி. அந்த ரெண்டு அடிக்கு வேகம் போதும், முப்பது மீட்டர் ஓட வேண்டாம். அவரோட கோல்ல ரொம்ப நெறைய முன் போஸ்ட் கோல்தான். எடது கால் அவருக்கு பலம், ஆனா வலது காலயும் விடல. உங்க பலவீனமான கால்ல தெனம் அடிங்க. சான்ஸ் விட்டா தலைல கைய வச்சுட்டு நிக்காதீங்க. 2023ல நாப்போலி மேல சாம்பியன்ஸ் லீக் கால் இறுதில பெனால்டிய விட்டாரு, கீப்பர் புடிச்சிட்டாரு, ஆஃப் டைம் ஆகறதுக்குள்ள மிலன் சக ஆட்டக்காரர் லியாவோ பாதி மைதானம் ஓடி குடுத்த பந்த உள்ள தள்ளிட்டாரு. விட்டத நெனச்சிட்டே நின்னிருந்தா அந்த எடத்துக்கு வந்து சேந்திருக்க மாட்டாரு.

கேள்வி: ஜிரூ கோல்கீப்பரா ஆடினாருன்னு ஒருத்தர் சொல்றாரு, உண்மையா?

பதில்: உண்மைதான். 2023 அக்டோபர் 7, ஜெனோவா மைதானத்துல. மிலன் 87வது நிமிஷம் புலிசிக் கோல்ல 1-0 முன்னாடி. கூடுதல் நேரம் ஓடிட்டு இருக்கு, கீப்பர் மைக்னானுக்கு சிவப்பு அட்டை. சப் எல்லாம் முடிஞ்சு போச்சு, வேற கீப்பர எறக்க முடியாது. 37 வயசு ஸ்ட்ரைக்கர் கீப்பர் சட்டைய மாட்டிக்கிட்டு போஸ்ட்டுக்கு போறாரு. மொத ஃப்ரீ கிக் பார்ல பட்டுச்சு. அடுத்தது பாக்ஸுக்குள்ள பந்து விழுது, ஜெனோவா ஆளு ஓடி வர்றான், ஜிரூ ஒரு நொடி தயங்கல, வெளிய பாஞ்சு வந்து ஆள் மேலயே விழுந்து பந்த தடுத்தாரு. விசில். மிலன் ஆளுங்க பூரா ஓடி வந்து அவரு மேல விழுந்து கட்டிப் புடிச்சாங்க, ஜெயிக்கற கோல போட்டவர கூட அப்படி கொண்டாடல.